மலை தெரியாத படம்

திருத்தணியில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க ஆரம்பித்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். ஆடிக் கிருத்திகை முடிந்த வாரத்தில் கடைத்தெருவில் போய் நின்றால், தலையில் முடி வைத்திருக்கிறவன்தான் ஏதோ தப்பு செய்தவன் போலக் கூசிக்கொண்டு நடப்பான். அதனால், மலைமேல் போய் இடுப்பு வரை இருந்த கூந்தலை முழுசாகக் கொடுத்துவிட்டு ரஞ்சிதம் படியிறங்கி வந்தபோது, ஒருத்தரும் நின்று விசாரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மட்டும், "பூ முடின்னு மூணு வெட்டு குடுத்துட்டு வந்திருக்கலாமே" என்றாள்.

"எட்டு மாசமா கடுதாசி இல்லாத மனுசன் உசுரோட இருக்கறாருன்னு கடுதாசி வந்துகீது. மூணு மயிரைக் குடுத்து சாமியை ஏமாத்தச் சொல்றியா?" என்று கேட்டாள் ரஞ்சிதம்.

அவள் புருஷன் கோதண்டம் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவன். யுத்தம் ஐந்து வருஷத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவன் பர்மா எல்லையில் எங்கோ இருந்தான். எங்கே என்று எழுதினால் அதிகாரிகள் கறுப்பு மையால் அடித்துவிடுவார்கள். வந்த கடிதத்திலும் பாதிக்கு மேல் கறுப்புதான். மிச்சம் இருந்த நாலு வரியை ரஞ்சிதம் நாற்பது தடவை படித்தாள். எட்டாவது வரை படித்தவள். யார் வீட்டு வாசலிலும் கடிதத்தை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

மொட்டை போட்ட நாலாம் நாள் இன்னொரு கடிதம் வந்தது. இது சென்னையில் ஒரு பெரிய பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து. பிரசவம் பார்க்கும் படிப்புக்கு அவள் சித்திரையிலேயே மனு போட்டிருந்தாள். ஒன்றரை வருஷப் படிப்பு, தங்க இடம், சாப்பாடு, முடித்தால் உத்தியோகம். அவள் அதைக் கேட்டது உத்தியோகத்துக்காக மட்டும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய பிள்ளை காலை முன்னே நீட்டிக்கொண்டு வந்தது. அரக்கோணத்திலிருந்து நர்சு வந்து சேர்ந்தபோது பிள்ளை குளிர்ந்து போயிருந்தது. அழக்கூட இல்லாமல் போன அந்தப் பிள்ளையின் முகம் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. ஊரிலேயே ஒருத்தி படித்தவளாக இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்து, அந்த ஒருத்தி ஏன் தானாக இருக்கக்கூடாது என்கிற இடத்துக்கு அவள் வந்து சேர்ந்திருந்தாள்.

கடிதம் இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜமீல் அகமது பாயிடம் போனாள். இங்கிலீஷ் தெரிந்தவர் என்பதற்காக மட்டும் இல்லை. கடிதத்தில் 'போட்டோ' என்ற வார்த்தையை மட்டும் அவளே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டிருந்தாள்.

ஜமீல் பாய் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தார். "மனுவை ஏத்துக்கினாங்கம்மா. ஆனா முழுசா இல்ல. போட்டோ பார்த்துட்டுதான் நேர்ல கூப்பிடுவாங்களாம். மார்பு வரைக்கும் படம். முக்காடு கூடாது. பின்னால எந்தக் காட்சியும் இருக்கக் கூடாது, வெறும் வெள்ளை. வர்ற சனிக்கிழமைக்குள்ள அங்க போய்ச் சேரணும். தவறினா அடுத்த வருஷம்தான்."

ரஞ்சிதத்தின் கை தன்னால் தலையைத் தடவியது. நாலு நாள் முளைத்த முடி உள்ளங்கையில் குத்தியது. நாலு நாள் பொறுத்திருந்தால் கூந்தலோடு உட்கார்ந்திருப்பாள். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். உடனே, சாமிக்குக் கொடுத்ததை நினைத்து நொந்துகொண்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த ஸ்டுடியோவில் ஆண்களை ஜமீல் பாய் படம் எடுப்பார். பெண்களை எடுப்பது அவர் மனைவி நிஷாத் பேகம். அந்நிய ஆண் முன்னால் முகம் காட்ட மாட்டேன் என்கிற பெண்கள் எல்லா ஜாதியிலும் இருந்ததால் வந்த ஏற்பாடு இது. ஊரார் பீபிம்மா என்று கூப்பிடும் அவள் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைக்கும்போது, "முக்காடு போடற கோஷாவுக்கு ஏத்த தொழிலா பார்த்துப் பிடிச்சீங்க" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் துணிக்குள்ளிருந்தே சிரிப்பாள். ஆனால் சிரிப்பு வேறு, தொழில் வேறு. படம் எழுதிய எந்தப் படுதாவுக்கு முன்னால் யாரை உட்கார வைப்பது என்கிற விஷயத்தில் அவள் சொன்னதுதான் சட்டம். பாயே வாய் திறக்க மாட்டார்.

படுதாக்கள் மூன்று இருந்தன. சித்தூரிலிருந்து ஒரு பெயிண்டர் வந்து எழுதிக் கொடுத்தவை. ஒன்று அரண்மனைப் படிக்கட்டு. இன்னொன்று ரோஜாத் தோட்டம். மூன்றாவது மலை, படிகளும் கோபுரமும், கோபுரத்தைவிடப் பெரிதாக ஒரு மயிலும். வருகிற கூட்டத்தில் முக்கால்வாசி மயிலுக்குப் பக்கத்தில்தான் உட்காரும்.

"மலைப் படுதாவே போடுங்க பீபிம்மா. மொட்டைக்கு அதான் சரி" என்றாள் ரஞ்சிதம்.

"மொட்டைக்குச் சரி. உன் கடுதாசிக்குச் சரியில்லையே" என்றாள் நிஷாத் பேகம். "படுதாதான் பாதிப் பேச்சு பேசும் ரஞ்சிதம். அரண்மனைப் படுதா போட்டா, இவ்வளவு வசதி இருக்கறவளுக்கு வேலை எதுக்குன்னு கேப்பான். தோட்டத்தைப் போட்டா கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கற படம். போன வருஷம் ஒரு வாத்தியாரு பிடிவாதமா அரண்மனையில நின்னு எடுத்துகினு போனாரு. போன வேகத்துல திரும்பி வந்திச்சு படம். வெறும் வெள்ளைன்னா வெறும் வெள்ளைதான்."

"வெறும் வெள்ளையில மொட்டை இன்னா பேசும்?"

நிஷாத் பேகம் வெள்ளைப் போர்வையை எடுத்துச் சுவரில் கட்ட ஆரம்பித்தாள். மயில் பக்கத்தில் உட்கார்ந்த மொட்டைக்குத் தணிகைமலை வேண்டுதல் என்று பொருள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் மொட்டைக்கு வேறு பொருள்கள் உண்டு. சென்னையில் ஆபீஸ் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாக்களின் வீடுகளில், தலை மழித்த பெண் என்றால் ஒரே பொருள்தான். அதை இரண்டு பேரும் வாயால் சொல்லவில்லை.

"நெத்தியில குங்குமத்தைப் பெருசா வெச்சுக்கோ. அது பேசும்" என்றாள் நிஷாத் பேகம் கடைசியில்.

ரஞ்சிதம் நாலணாக் காசு அகலத்துக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு, வெள்ளைப் போர்வை கட்டிய சுவருக்கு முன்னால் உட்கார்ந்தாள். மறுநாள் வரச் சொன்னார்கள்.

மறுநாள் மாமியாரும் கூட வந்தாள். சின்னம்மாளுக்குக் கோதண்டம் ஒரே பிள்ளை. அவன் மூன்று வயசுப் பையனாக இருக்கும்போதே அவள் தாலி இறங்கிவிட்டது. மருமகள் பட்டணத்துக்குப் படிக்கப் போவதில் அவளுக்குப் பெரிய சந்தோஷம் ஒன்றும் கிடையாது, தடுக்கவும் இல்லை. குளிர்ந்துபோன அந்தப் பிள்ளையை மடியில் வாங்கியவள் அவள்தான்.

ஜமீல் பாய் படத்தை நீட்டினார். நீட்டும்போதே அவர் முகம் சரியாக இல்லை.

ரஞ்சிதம் பார்த்தாள். தலை வெறுமை, சுவர் வெறுமை. இரண்டுக்கும் நடுவே நெற்றியும் வெறுமையாக இருந்தது. அவ்வளவு பெரிய குங்குமம் இருந்த இடத்தில் ஒரு நிழல்கூட இல்லை, துடைத்து எடுத்தது போல.

சின்னம்மாள் படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். அவள் விரல் தன் வெறும் நெற்றிக்குப் போயிற்று.

"இது உன் நெத்தி இல்லடி" என்றாள். "இது என் நெத்தி."

 ரஞ்சிதம், கையில் வைத்திருந்த புருஷனின் கடிதம் எந்தத் தேதியில் எழுதியது என்று சட்டென்று யோசித்தாள். எழுதி ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஐந்து வாரத்தில் என்னென்னவோ நடக்கலாம். நமக்குத் தெரியாதது இந்தப் படத்துக்குத் தெரிந்துவிட்டதோ என்று ஒரு கணம் அவள் நம்பியே விட்டாள்.

"தப்பு பிலிம் மேலம்மா" என்று ஜமீல் பாய் அவசரமாகச் சொன்னார். யுத்தத்தில் வழக்கமான பிலிம் கிடைக்கவில்லை. அரக்கோணத்தில் ஒரு சோல்ஜரிடம் பட்டாளத்துப் பிலிம் கொஞ்சம் வாங்கியிருந்தார். "பழைய பிலிமுக்குச் சிவப்பு கண்ணே தெரியாது. சிவப்பெல்லாம் கறுப்பா விழும். அதனாலதான் சிவப்பு விளக்குல கழுவுவோம். இதைக் குடுக்கும்போதே அவன் சொன்னான், சிவப்பு விளக்கு ஆகாது, கும்மிருட்டுலதான் கழுவணும்னு. ஆங்னு தலையாட்டிட்டு வந்தேன். சிவப்பு விளக்கையே வெளிச்சமா பார்க்கற பிலிமு குங்குமத்தை மட்டும் எப்படிக் கறுப்பா பார்க்கும்? அதுவும் வெள்ளையா தோலோட கலந்துடிச்சு. இருபது வருஷத் தொழில்ல இது எனக்குத் தோணாம போச்சு."

"அப்படின்னா திருத்துங்க" என்றாள் ரஞ்சிதம்.

"ஒரு நிமிஷ வேலை." அவர் மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்து மையில் தோய்த்தார். "படத்துல ஒரு புள்ளி வெச்சுட்டா தீர்ந்துது."

சின்னம்மாள் அவர் கையைத் தட்டிவிடாத குறை. "ஐயோ, வெக்காதே பாய்! படத்துக்குப் பொட்டு யாருக்கு வெப்பாங்க? சாமிக்கு வெப்பாங்க, இல்லாட்டி செத்தவங்களுக்கு வெப்பாங்க. இவ ரெண்டும் இல்ல."

பிரஷ் அப்படியே நின்றது. அவர் வீட்டுச் சுவரில் படத்துக்குப் பொட்டு வைக்கும் வழக்கம் இல்லை. ஆனால் செத்தவர்களின் படங்களைப் பெரிது பண்ணிக் கொடுத்த கை அது. பொட்டும் மாலையுமாக அவற்றை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறார். பிரஷைக் கழுவி வைத்தார்.

"மலையைப் போட்டு எடு. இல்லாட்டி படமே வாணாம், படிப்பும் வாணாம்" என்று சொல்லிவிட்டு சின்னம்மாள் வெளியே போய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள்.

மலையைப் போட்டால் சென்னையில் திருப்பிவிடுவார்கள். வெள்ளையைப் போட்டால் வீட்டில் விடமாட்டார்கள். ரஞ்சிதம் நிஷாத் பேகத்தைப் பார்த்தாள். அவள் ரஞ்சிதத்தைப் பார்க்காமல், முதல் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பொட்டு மட்டும் இல்ல ரஞ்சிதம்" என்றாள் மெதுவாக. "உன் மூஞ்சியப் பாரு. தப்பு என் மேலயும் இருக்குது. எதிர்ல இன்னா இருந்திச்சு உனக்கு? பழைய பீரோவும் ஒடஞ்ச நாற்காலியும். அதைப் பார்த்துகினு இருந்தே. பின்னால இன்னா இருக்கணும்னே யோசிச்சுகினு இருந்துட்டோம். நாளைக்குக் காலையில வா. ஒரு பிலிம் மிச்சம் இருக்குது. குங்குமம் வாணாம், கறுப்புச் சாந்து வெச்சுகினு வா."

"அத்தை விடணுமே."

"கூட்டிகினு வா. நான் பேசறேன்."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சின்னம்மாள் நாலடி முன்னாலேயே நடந்தாள்.  சாந்து வேறு வீட்டில் இல்லை. ஜவ்வரிசியைக் கரியாக வறுத்துத் தண்ணீர் விட்டுக் காய்ச்சிக் கொட்டாங்கச்சியில் ஊற்றிக் காயவைத்தால்தான் சாந்து. யுத்த காலத்தில் ஜவ்வரிசிக்கு எங்கே போவது? கேட்டாலும் மாமியார் எரிந்து விழுவாள் என்று அவள் கேட்கவே இல்லை. சாயங்காலம் கிணற்றிலிருந்து குடத்தோடு திரும்பியபோது வீட்டுக்குள் கருகல் வாடை வந்தது. சின்னம்மாள் அடுப்பு முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். சோறு தீய்ந்துவிட்டது போலிருக்கிறது, கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்து ரஞ்சிதம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

காலையில் சின்னம்மாள்தான் முதலில் செருப்பு மாட்டினாள். "கெளம்பு" என்றாள். 

நிஷாத் பேகம் அன்றைக்கு ஸ்டுடியோ அறையையே திறக்கவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். கிழக்குப் பக்கத்து மதில், போன மாதம்தான் சுண்ணாம்பு அடித்தது. காலை வெயில் அதற்கு அந்தப் பக்கம் இருந்ததால், இந்தப் பக்கம் ஒரே சீராக நிழல் விழுந்திருந்தது. மதிலை ஒட்டி ஒரு முக்காலி போட்டிருந்தாள்.

"உக்காரு."

ரஞ்சிதம் உட்கார்ந்து தலை நிமிர்ந்தாள். எதிரே, ஓட்டுக் கூரைகளுக்கு மேலே, மலை இருந்தது. பெயிண்டர் எழுதிய மலை இல்லை; அவள் முடியைக் கொடுத்துவிட்டு வந்த மலை. வெயில் முழுதும் அதன்மேல் விழுந்திருந்தது. படிகளில் யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"மெட்ராஸ்காரன் கேட்ட வெள்ளை உனக்குப் பின்னால இருக்கட்டும்" என்றாள் நிஷாத் பேகம். "உனக்கு வேண்டியது உன் எதிர்ல இருக்கட்டும். படத்துல விழாது. ஆனா மூஞ்சியில விழும்." பிறகு சின்னம்மாள் பக்கம் திரும்பினாள். "இப்போ சொல்லுங்கம்மா, எடுக்கவா, வாணாமா?"

சின்னம்மாள் மடியை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கொட்டாங்கச்சி. அதன் அடியில் புதிதாகக் காய்ந்த சாந்து பளபளத்தது.

 நேற்றைய கருகல் வாடை எதனுடையது என்று ரஞ்சிதத்துக்கு இப்போதுதான் தெரிந்தது. பொட்டு இழந்து இருபத்திரண்டு வருஷம் ஆன கை, எங்கேயோ ஒளித்து வைத்திருந்த ஒரு பிடி ஜவ்வரிசியை வறுத்திருக்கிறது.

"நீயே வெச்சுவிடு அத்தை" என்றாள்.

"போடி பைத்தியமே. நான் வெக்கலாமா?" சின்னம்மாள் கொட்டாங்கச்சியில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, நிஷாத் பேகத்திடம் நீட்டினாள். "நீ வை பீபிம்மா. உன் வீட்டுக்காரரு கல்லு மாதிரி இருக்கறாரு. உன் கை நல்ல கை."

நிஷாத் பேகம் திகைத்துப் போனாள். ஆயிரம் பொட்டுகளைக் கண்ணாடி வழியாகத் தலைகீழாகப் பார்த்தவள், ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. "எனக்கு வெச்சுப் பழக்கமே இல்லையேம்மா."

"பழக்கம் இன்னா பழக்கம். விரல் இருக்குதில்ல?"

மோதிர விரலால் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வைத்தாள். கையை எடுத்துப் பார்த்தால் பொட்டு கொஞ்சம் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது.

"கோணலா பூட்சே" என்று சின்னம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். "அழிச்சுட்டு வைக்கலாமா?" என்று நிஷாத் பேகம் கேட்டதும், "ஐயையோ! வெச்ச பொட்டை அழிப்பாங்களா?" என்று பதறினாள். அந்தப் பதற்றத்தைப் பார்த்து ரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. வாயை மூடி அடக்கினாள். கண்ணில் அது மிச்சம் இருந்தது. நிஷாத் பேகம் உடனே கறுப்புத் துணிக்குள் புகுந்தாள். சின்னம்மாள் கேமராவுக்குப் பக்கத்தில் மலைக்கு முதுகு காட்டி நின்றுகொண்டாள். ரஞ்சிதம் இருவரையும் மலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரப்பர்ப் பந்து அமுங்கிப் படம் விழுந்தது.

அந்தப் படம் வெள்ளிக்கிழமைத் தபாலில் சென்னைக்குப் போனது. நிஷாத் பேகம் இன்னொரு பிரதி போட்டுக் கொடுத்தாள். அது பர்மா எல்லைக்குப் போனது.

புரட்டாசியில் நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ரஞ்சிதத்தின் தலையில் அப்போது விரல்நகம் அளவு முடி. சென்னை ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். திருத்தணியில் பிறந்தவளுக்கு அது புதுசு. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ளக் கை போயிற்று. போன கையை அவளே மடியில் இறக்கி வைத்தாள்.

வெள்ளைக்காரத் துரைசாணி இரண்டு கேள்வி கேட்டாள். காலை முன்னே நீட்டி வரும் பிள்ளையைப் பற்றி ரஞ்சிதம் சொன்னதை ஒரு நர்சு இங்கிலீஷில் பெயர்த்தாள். துரைசாணி பேனாவை வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். முடிந்ததும் பக்கத்து மேஜைக்கு அனுப்பிவிட்டாள்.

அங்கே பக்தவச்சலம் என்கிற குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். நெற்றியில் நாமம், முன்னால் நீளமான ஒரு மனுப் பாரம். அதன் மூலையில் அவள் படம் ஒட்டியிருந்தது. பாரத்தில் ஓரிடத்தில் இங்கிலீஷோடு தமிழிலும் அச்சிட்டிருந்த மூன்று கட்டங்கள்: கன்னி, மணமானவர், விதவை. ரஞ்சிதம் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டாள்.  இவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வராமல் இருக்க வேண்டுமே, வந்தால் எந்தத் தைரியத்தில் 'இருக்கறாரு' என்று சொல்வது, அடுத்த கடிதம் இன்னும் வரவில்லையே என்று அவளுக்குள் ஓடியது.

அவர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"திருத்தணியா?"

"ஆங்."

படத்தில் மலை இல்லை, படி இல்லை, மயில் இல்லை. எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார். "எங்க அக்காவும் போன வருஷம் குடுத்துட்டு வந்தா. மொட்டை போட்டுக்கிட்டு இப்படி சந்தோஷமா இருக்கற மூஞ்சி வேற எந்த ஊர்ல இருக்கு? பொட்டுதான் கொஞ்சம் கோணல்."

சொல்லிக்கொண்டே பேனாவை மையில் தொட்டு, அவளைக் கேட்காமலேயே, நடுக் கட்டத்தில் கோடு போட்டார்.

"வீட்டுக்காரர் பேரு?"

ரஞ்சிதம் தலையைக் குனிந்துகொண்டாள். உயிரோடு இருக்கிற புருஷன் பேரை எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்லுவாள்?

"ராமரு கையில இருக்குமே, வில்லு" என்றாள். "அந்த வில்லோட பேருங்க."

பக்தவச்சலம் சிரித்துக்கொண்டே எழுதினார். மை காயும்வரை ரஞ்சிதம் அந்தப் பேரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.